எட்டுக் கண்ணாடிக் கதவு

"கட்டம்தானே மேடம் வேணும்? ஒரே கண்ணாடியா போட்டுடலாம். மேல பட்டை ஒட்டிட்டா கட்டம் கட்டமாத்தான் தெரியும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

ரெடிமேட் கதவு விக்கிற ஒரு கடையில கேட்டது இது. அவர் எடுத்துக் காட்டின சாம்பிள் கதவுல பிளாஸ்டிக் பட்டை ஒரு முனையில ஏற்கெனவே எழும்பி நிக்குது. நகத்தால தட்டினா ஆடுது. கதவோட உடம்பு மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை. கீல் ஸ்குரூ இறங்கின இடம் அப்பவே பொதபொதன்னு இருக்கு.

எரிச்சலோட வெளிய வந்தேன்.

யாருக்கும் தெரியாதாம். தினமும் அந்தக் கதவைத் தொறந்து மூடப்போற எனக்குத் தெரியுமே!

இப்போ எங்க வீட்டு ஹால்ல ரெண்டு கதவு நிக்குது. ஒவ்வொண்ணுலயும் 8 கண்ணாடி. பதினாறும் தனித்தனி. மரத்துல செஞ்ச நிஜக் கட்டம். அதைப் பத்தி ஊருக்கே சொல்லணும்போல இருக்கு, அதான் இந்தப் பதிவு. (நீளமாப் போகும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.)

முதல்ல, எதுக்குக் கண்ணாடிக் கதவு?

எங்க ஊர் ஆர்.கே.பேட்டை. முழுப்பேர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. தறி ஊர். இந்தப் பக்கம் அம்மையார்குப்பம், அந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டைன்னு எங்க போனாலும் தறிச் சத்தம்தான். விசைத்தறி ஓடுற தெருவுல குடியிருக்கிறவங்களுக்கு நான் சொல்லாமலே தெரியும், பஞ்சு! கண்ணுக்குத் தெரியாத பஞ்சுத்தூசி காத்துலயே மிதக்கும். ஃபேன் ரெக்கையில, கொசுவலையில, சாமி படத்து மேல, எல்லாத்துலயும் படியும். எங்க வீட்டுல ஹால் சுவர்லயே கட்டின பழைய அலமாரி ஒண்ணு இருக்கு. கதவு கிடையாது. அதுல புத்தகம் அடுக்கினா ஒரே வாரத்துல புத்தகத்து மேல சாம்பல் நிறத்துல ஒரு போர்வை.

மூடணும். ஆனா மரக்கதவு போட்டு மூடிட்டா உள்ள என்ன இருக்குன்னே மறந்துபோயிடும். புத்தகம் கண்ணுல படணும், அப்பதான் கை போகும். அதனால கண்ணாடி.

சரி, கட்டம் எதுக்கு? முழுசா ஒரே கண்ணாடி போட்டா என்ன?

இந்தக் கேள்வியை வீட்டுல எல்லாரும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல கண்ணாடி எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பாக்கணும்.

பழைய காலத்துல பெரிய கண்ணாடி செய்யவே முடியல. உருக்கின கண்ணாடியை ஊதிக் குமிழாக்கி, அதை ஒரு கம்பி முனையில வச்சு வேகமாச் சுழட்டுவாங்க. சுத்துற வேகத்துல குமிழ் விரிஞ்சு வட்டத் தட்டா ஆகும். அந்த வட்டத்துலேருந்து சதுரம் சதுரமா வெட்டி எடுப்பாங்க. நடுவுல கம்பி ஒட்டின இடம் தடிப்பா முண்டு மாதிரி நிக்கும், அது கழிவு. அப்போ கிடைக்கிற துண்டு எவ்வளவு பெருசா இருக்கும்? சின்னதுதான். அந்தச் சின்னத் துண்டுகளை வச்சு ஒரு பெரிய ஜன்னலை மூடணும்னா நடுவுல மரச்சட்டம் ஓடியே ஆகணும். கட்டம் பிறந்தது அழகுக்காக இல்லீங்க, வேற வழி இல்லாம.

1959-ல இங்கிலாந்துல பில்கிங்டன் கம்பெனி புது முறையை அறிவிச்சாங்க. உருகின வெள்ளீயக் குளத்து மேல உருகின கண்ணாடியை மிதக்க விடுறது. திரவத்து மேல திரவம் பரவி நிக்கிறதால ரெண்டு பக்கமும் தானாவே மட்டமா வந்துடும், தேய்க்கவே வேண்டாம். அதுக்கப்புறம் பெரிய, மட்டமான கண்ணாடி சுலபமாக் கிடைக்க ஆரம்பிச்சுது. நம்ம பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்ல 2000-லேருந்து செயின்ட் கோபைன் ஆலை இதே முறையிலதான் கண்ணாடி செய்யுது.

ஆக, வேற வழி இல்லைங்கிற காரணம் போயே போச்சு. அப்புறமும் ஏன் கட்டம்?

காரைக்குடி போனப்போ முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகளைச் சுத்திப் பாத்தேன். (போகாதவங்க ஒரு தடவை போய்ட்டு வாங்க. அரை நாள் போறதே தெரியாது.) செட்டிநாட்டு வீட்டுலேருந்து வந்த பர்மா தேக்கு அலமாரி ஒண்ணு. கட்டம் போட்ட கண்ணாடிக் கதவு. கொஞ்சம் சாஞ்சு நின்னு பாத்தா கண்ணாடி எல்லாம் லேசா அலை அலையா இருக்கு, எதிர்ல நிக்கிற ஆள் நெளிஞ்சு தெரியுறாரு. பழைய கண்ணாடி அப்படித்தான். ஆனா கீழ் வரிசையில ஒரே ஒரு கட்டத்துல மட்டும் நெளிவே இல்ல. சுத்த மட்டம்.

எப்பவோ அந்த ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு. அந்த ஒண்ணை மட்டும் மாத்தியிருக்காங்க. மத்தது எல்லாம் போட்டபடியே நிக்குது.

எனக்கு வேண்டிய காரணம் அங்கேயே கிடைச்சுடுச்சு. ஒரு கட்டம் போனா ஒரு கட்டம்தான் போகும். பட்டை ஒட்டின கதவுல பையன் பந்தை அடிச்சான்னா முழுக் கண்ணாடியும் போச்சு. பட்டையையும் சேத்து குப்பையில போடணும். கட்டம்ங்கிற வடிவத்துக்கு இருக்கிற உருப்படியான பயனே அதுதான். அதை எடுத்துட்டு கோடு மட்டும் ஒட்டித் தர்றதுக்குக் காசு வேற.

சரி, வேலைக்கு வருவோம்.

மரம் வீட்டுலயே இருந்துச்சு. நைனா அந்தக் காலத்துல நெய்த கைத்தறி. விசைத்தறி வந்தப்புறம் பிரிச்சு மாட்டுக்கொட்டகைப் பரண்ல போட்டது. தூண் கட்டை, படமரம், மிதிகட்டை எல்லாம் கயிறு கட்டி அப்படியே கிடந்துச்சு. விறகுக்கடைக்காரர் ஒருத்தர் நடுவுல விலைகூடக் கேட்டுட்டுப் போனாரு. நைனாகிட்ட "கதவு செய்ய எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "சும்மாக் கிடக்கறதுக்கு எடுத்துக்கம்மா"ன்னுட்டாரு. ஆனா கட்டையை இறக்கறப்போ கூடவே நின்னு, எது எந்தப் பக்கத்துக் கட்டைன்னு ஒண்ணொண்ணா சொன்னாரு.

சோளிங்கர் ரோட்டுல தகரக் கொட்டகை போட்டு வேலை செய்யுற ஆசாரி ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். வயசானவர். பாதி தமிழ், பாதி தெலுங்கு. (1960 ஏப்ரல் 1-க்கு முன்னாடி எங்க பக்கத்துத் திருத்தணி தாலுகாவே ஆந்திராவோட சித்தூர் மாவட்டம். இந்தப் பக்கத்துப் பெரியவங்க பேச்சுல ரெண்டும் கலந்துதான் வரும்.) இழைப்புளியால ரெண்டு இழுப்பு இழுத்தாரு. கறுப்பு போய் உள்ள தேன் நிறம். வாசனை.

"தேக்கும்மா. இத்தையா வெறகுக்குக் கேட்டான்?"

கடைக்காரர் சொன்ன பட்டை ஒட்டுற யோசனையை அவர்கிட்டயும் சொன்னேன். "அத்த ஒட்றதுக்கு ஆசாரி எதுக்கு? பசங்க பள்ளிக்கூடத்துல ஒட்ற வேலை அது"ன்னாரு. அன்னிக்கே அவர் என் கட்சி!

கதவை நான்தான் செய்யணும், நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக் குடுங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டாரு. மெஷின்ல பிளக்கறது அவர் வேலை. உளி பிடிக்கறது, இழைக்கறது, பொருத்தறது என் வேலை.

பழைய மரம் எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. ரம்பத்துல குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்தை எடுத்து கட்டை முழுக்க ஓட்டிப் பாருங்க. உடைஞ்ச ஆணி உள்ளயே புதைஞ்சிருக்கும். எங்க கட்டையிலயும் இருந்துச்சு. ரம்பப் பல்லுல பட்டா பல்லும் போகும், தெறிச்சா கண்ணும் போகும். பழைய மரத்துல பெரிய லாபம் என்னன்னா, காயறதுக்குன்னு காத்திருக்க வேண்டாம். புதுப் பச்சை மரம் காயக் காயச் சுருங்கி, வளைஞ்சு, கதவை முறுக்கிடும். இது பல வருஷம் முன்னாடியே அந்த வேலையெல்லாம் முடிச்சிருச்சு.

இப்போ அளவு. இதுல நான் ரொம்ப நேரம் உக்காந்தேன், ஏன்னா கட்டம் போட்ட கதவோட அழகும் அவலட்சணமும் இங்கதான் முடிவாகுது.

ஆசாரி இஞ்சு, நூல்லதான் பேசுவாரு. 1 இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் 3 மில்லிக்குக் கொஞ்சம் மேல. எனக்கு முதல்ல டேப்புல மில்லிமீட்டர்தான் வசதியாத் தெரிஞ்சுது. ரெண்டு நாள் அவர்கூட இருந்தப்புறம் நூல் கணக்கே சுகமாயிடுச்சு. எதையும் பாதியா, கால்வாசியா மடிச்சுக்கிட்டே போகலாம்.

கதவு அகலம் 20 இஞ்சு, உயரம் 48. நிக்கிற சட்டம் ரெண்டும் 2 இஞ்சு 2 நூல். மேல் சட்டமும் அதே. கீழ்ச் சட்டம் மட்டும் 3 இஞ்சு. (கீழ கொஞ்சம் அகலமா இருந்தாத்தான் கதவு நிக்கிற மாதிரி இருக்கும். மேலயும் கீழயும் ஒரே அளவு வச்சா கீழ்ப்பக்கம் ஒல்லியாத் தெரியும்.) நடுவுல ஓடுற பட்டை 6 நூல் அகலம். குத்துக்கு ஒண்ணு, குறுக்குக்கு மூணு.

கணக்கு இப்படிப் போடணும்: மொத்தத்துலேருந்து முதல்ல மரத்தைக் கழிங்க. மிச்சத்தை வகுங்க. நேரா வகுத்துட்டு அப்புறம் பட்டையைக் கழிக்கப்போனா ஓரக் கட்டம் ஒரு அளவு, நடுக் கட்டம் ஒரு அளவுன்னு வந்துடும்.

அகலத்துல 20-லேருந்து ரெண்டு சட்டத்துக்கு 4½ போனா 15½. அதுல பட்டைக்கு 6 நூல் போனா 14 இஞ்சு 6 நூல். ரெண்டால வகுத்தா 7 இஞ்சு 3 நூல்.

உயரத்துல 48-லேருந்து 5¼ போனா 42¾. மூணு பட்டைக்கு 18 நூல், அதாவது 2¼ போனா 40½. நாலால வகுத்தா 10 இஞ்சு 1 நூல்.

ஆக ஒரு கட்டம் 7 இஞ்சு 3 நூலுக்கு 10 இஞ்சு 1 நூல். நிக்கிற செவ்வகம். இதுக்கு முன்னாடி பழைய காலண்டர் அட்டைய வெட்டி சுவத்துல ஒட்டி சதுரமாவும், படுத்த செவ்வகமாவும் பாத்தேன். சதுரம் போட்டா கம்பி போட்ட கவுண்டர் ஜன்னல் ஞாபகம் வருது. படுத்த செவ்வகம் கதவைக் குள்ளமாக்குது. கதவு எப்படி நிக்குதோ கட்டமும் அப்படியே நிக்கணும்ங்கிறதுதான் என் கட்சி. உங்க அலமாரிக்கு நீங்களும் அட்டை வெட்டிப் பாத்துடுங்க. காசு செலவில்லாத பரீட்சை.

சட்டத்தோட கனம் 7 நூல். பொருத்து எல்லாம் நாக்கும் பொளியும்தான் (ஒரு கட்டை முனையில நாக்கு, இன்னொண்ணுல அது நுழையற பொளி). நாக்கோட கனம் சட்டத்துல மூணுல ஒரு பங்கு. கண்ணாடி உக்கார பின்பக்கம் காடி எடுக்கணும், 2 நூல் அகலம், 4 நூல் ஆழம். முன்பக்கம் 3 நூல் மரம் உதடு மாதிரி நிக்கும்.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. நிக்கிற சட்டத்துல பின்னாடி 2 நூல் காடியா போயிடுதுல்ல? அந்த இடத்தை அடைக்க, குறுக்குச் சட்டத்தோட பின்தோள் (நாக்கு ஆரம்பிக்கிற விளிம்புதான் தோள்) முன்தோளைவிட ஒவ்வொரு பக்கமும் 2 நூல் நீளமா இருக்கணும். முன்னாடி 15½, பின்னாடி 16. இதை விட்டுட்டா மூலையில பின்பக்கம் சின்ன ஓட்டை நிக்கும். ஆசாரி இதைக் கட்டையில வரைஞ்சு காட்டறதுக்கு முன்னாடி தறிக்கட்டையை என்னைத் தொடவே விடல. விறகுக் கட்டையிலதான் முதல் ஜோடி நாக்கும் பொளியும் செஞ்சேன். அது உள்ள போறப்போ லேசா முனகணும், சுத்தியல் வச்சு அடிக்கிற அளவுக்கு இறுக்கமும் கூடாது, கையால தள்ளினா சொத்துனு விழவும் கூடாது. அந்த முனகல் சத்தம் எனக்கு இப்போ ரொம்பப் பிடிச்ச சத்தம்.

பசை போட்டு இறுக்கினதும் மூலைக்கு மூலை டேப் வச்சு அளந்துடுங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இருந்தா கதவு மூலைமட்டத்துல இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னா பசை காயறதுக்குள்ள நீளமான மூலையை அமுக்கிச் சரி பண்ணணும். அப்புறம் நாக்கு வழியா துளை போட்டு மூங்கில் ஆணி. பசை என்னிக்காவது விட்டாலும் மூங்கில் பிடிச்சுக்கும்.

இப்போ கட்டம். இதைத்தான் கஷ்டம்னு சொல்லி கடைக்காரர் பட்டை ஒட்டக் கிளம்பிடறாரு.

ஒரே கட்டையில ரெண்டு பக்கமும் காடி எடுத்து, அதை இன்னொண்ணோட குறுக்கே பொருத்தறது நிஜமாவே கஷ்டம்தான். அனுபவமுள்ள கை வேணும். அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. பட்டையை ரெண்டு அடுக்காப் பிரிச்சுடறது.

முன்பட்டை: 6 நூல் அகலம், 3 நூல் கனம். வெளிய தெரியறது இது.

முதுகுப்பட்டை: 2 நூல் கனம், 4 நூல் ஆழம். முன்பட்டையோட நடுவுல, பின்பக்கமா, குத்துவாக்குல ஒட்டி நிக்கிறது இது.

முன்பட்டை 6, முதுகு 2. ரெண்டு பக்கமும் மிச்சம் 2 நூல், 2 நூல். அதுதாங்க காடி! உளி வச்சு எடுக்காமலே காடி வந்துடுச்சு.

முதல்ல முதுகுப்பட்டை. குத்தும் குறுக்கும் சந்திக்கிற இடத்துல ஒண்ணுல மேல்பாதி, இன்னொண்ணுல கீழ்பாதி வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறக்கிடணும். அட்டைப்பெட்டிக்குள்ள சோடா பாட்டில் தட்டுப்படாம இருக்க அட்டைத் தடுப்பு வச்சிருப்பாங்களே, அதே வேலை. முனைகள் கதவுச் சட்டத்துக் காடிச் சுவத்துல 2 நூல் ஆழத்துக்கு வெட்டின பள்ளத்துல போய் உக்காரும். இதுதான் எலும்பு. அது மேல முன்னாடிப் பக்கத்துலேருந்து முன்பட்டையைப் பாதிப் பாதி வெட்டிப் பொருத்தி ஒட்டினா முடிஞ்சுது. ஒட்டினது எலும்பு மேல, எலும்பு சட்டத்துக்குள்ள. எங்கயும் எழும்பி நிக்காது.

ரெண்டு கதவுக்கும் சேத்து ஆறு குறுக்குப்பட்டை வரும். ஆறையும் ஒண்ணா அடுக்கி, கிளாம்ப் போட்டு, மூலைமட்டம் வச்சு ஒரே கோடா போடுங்க. குத்துப்பட்டை ரெண்டையும், நிக்கிற சட்டம் நாலையும் அதே மாதிரி. தனித்தனியா அளந்து கோடு போட்டா ஒவ்வொண்ணுலயும் அரை நூல் தள்ளும். ரெண்டு கதவும் பக்கத்துல பக்கத்துல மூடி நிக்கறப்போ, இந்தக் கதவோட கோடு அந்தக் கதவுக்கு நேரா ஓடலைன்னா தூரத்துலேருந்தே கண்ணை உறுத்தும்.

கண்ணாடி அளவுக்கு வருவோம். கட்டம் 7 இஞ்சு 3 நூல், ரெண்டு பக்கமும் காடிக்குள்ள 2 நூல் போகும், ஆக 7 இஞ்சு 7 நூல். ஆனா அந்த அளவுக்கு வெட்டக் கூடாது. ஒரு நூல் குறைச்சு 7 இஞ்சு 6 நூல். உயரத்துலயும் அப்படியே, 10 இஞ்சு 4 நூல். மரம் மழைக்காலத்துல ஊறும், வெயில்ல சுருங்கும். நீளவாக்குல அசையாது, அகலவாக்குல அசையும். மே மாசம் டிவியில வெயில் அளவு சொல்றப்போ திருத்தணி பேர் வராத நாள் குறைவு. ஐப்பசியில இதே பக்கத்துல உப்பு டப்பா தண்ணி விடும். ரெண்டுக்கும் நடுவுல மரம் அசையறதுக்கு இடம் விடலைன்னா அது கண்ணாடியைப் பிடிச்சு நெரிக்கும். கண்ணாடி வளையாது, விரிசல்தான் விடும்.

4 மில்லி கண்ணாடி போதும். ஒரு சதுர மீட்டருக்கு மில்லிக்கு 2½ கிலோ கணக்கு. அப்போ நம்ம துண்டு ஒண்ணு அரைக் கிலோ சொச்சம், எட்டும் சேந்து 4.2 கிலோ. முழுசா ஒரே கண்ணாடி போட்டிருந்தாலும் 4.4 கிலோதான் வரும். கட்டம் போட்டா கதவு கனமாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மரத்தோட சேத்து ஒரு கதவு ஏழரைக் கிலோவுக்குள்ள. 48 இஞ்சு உயரத்துக்கு மூணு கீல் போட்டிருக்கேன்.

கண்ணாடிக் கடையில எனக்குச் சந்தோஷம் காத்திருந்துச்சு. பெரிய ஆர்டர் வெட்டின மிச்சத் துண்டு மூலையில சாத்தி வச்சிருப்பாங்க. 8 இஞ்சுக்கு 11 இஞ்சு துண்டு அதுலயே தாராளமாக் கிடைச்சுது. முழுத் தகடு வாங்கவே இல்ல. ஓரத்தை மட்டும் தேய்ச்சுக் குடுக்கச் சொல்லுங்க, கை அறுக்காம இருக்கும்.

இப்போதான் எங்க ஊருக்கே உண்டான பிரச்சினை. பக்கத்து வீட்டுத் தறி.

எங்க ஹால் சுவத்துக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை. தறி ஓடினா தரை லேசா அதிரும், சுவரும் அதிரும். 16 கண்ணாடியும் சேந்து கிலுகிலுன்னு ஆடினா யாரு படுக்கறது? அதனால மிச்சப்பட்ட சட்டத்துல ஒத்தைக் கட்டமா ஒண்ணு செஞ்சு, அந்தச் சுவத்துல மாட்டி ஒவ்வொரு முறையா வச்சுப் பாத்தேன்.

காடியில கண்ணாடியை அணைச்சுப் பிடிக்கிற மெல்லிசு மரக்குச்சி, அதாவது பீடிங், அதை மட்டும் அடிச்சா சத்தம் வருது. நாள் பூரா.

மக்கு வச்சா சத்தம் நின்னுடுது. சீமைச்சுண்ணாம்புப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த பழைய மக்கு. ஆனா நாளாக ஆக இறுகிடும். கண்ணாடியை மாத்தணும்னா உளி வச்சுக் கொத்தணும். (மக்கு வைக்கிறவங்க முதல்ல காடிக்கு பெயின்ட்டோ பாலிஷோ அடிச்சிடுங்க. வெறும் மரம் எண்ணெயை உறிஞ்சிட்டா மக்கு பொடிஞ்சிடும்.)

சிலிகான் சுத்தி வரப் போட்டா சத்தமே இல்ல. அருமை. ஆனா கண்ணாடியை எடுக்கவே முடியாது. உடைச்சாத்தான் வரும். ஒரு கட்டம் மட்டும் மாத்தலாம்ங்கிறதுக்காகத்தானே இத்தனை பாடு? சிலிகான் வேண்டாம்னு முடிவு பண்ணேன்.

கடைசியில கைக்கு வந்தது பருத்தி நூல். இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்? தடிமனான நூல் நாலஞ்சு இழையைச் சேத்து முறுக்கி, கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவுல சுத்தி வர வச்சு, பீடிங்கை அமுக்கி அடிச்சேன். மெத்துனு உக்காந்துச்சு. தறி ஓடுது, கண்ணாடி பேசல. வேணும்னா பீடிங்கை நெம்பி எடுத்து கண்ணாடியை மாத்திக்கலாம். ஆசாரி சுவத்துல காதை வச்சுக் கேட்டாரு. "இது நல்லாக்கீதே!"ன்னாரு. அவர் வாயிலேருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

பீடிங் அடிக்கறப்போ கவனம். முதுகுப்பட்டை 2 நூல்தான். அரை இஞ்சுக்கும் குட்டையான தலையில்லாத ஆணி போதும். பீடிங்கோட ரெண்டு முனைக்கிட்ட மட்டும் அடிங்க. இந்தப் பக்கத்து ஆணியும் அந்தப் பக்கத்து ஆணியும் ஒரே இடத்துல சந்திக்காம தள்ளி அடிங்க. முதல்ல மெல்லிசா துளை போட்டுக்கிட்டா பீடிங் பிளக்காது. கண்ணாடி மேல ஒரு அட்டையைப் போட்டு, சுத்தியலைத் தூக்கி அடிக்காம அட்டை மேலயே வழுக்கி வழுக்கித் தட்டணும்.

பாலிஷ் எல்லாம் கண்ணாடி போடறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. ஸ்பிரிட்ல அரக்கு கரைச்ச பாலிஷ், துணி உருண்டையால மெல்லிசா, காயக் காயத் திரும்பத் திரும்ப. நடுநடுவுல நைசான உப்புத்தாள். தறிக்கட்டையில நைனா கை பட்டுப் பட்டு கறுத்த இடம் ஒண்ணு இருந்துச்சு. அதை முழுசா இழைச்சு எடுக்க மனசு வரல. வலது கதவோட ஓரச் சட்டத்துல, கைப்பிடிக்குக் கீழ, அந்த நிறம் வர்ற மாதிரி கட்டையைத் திருப்பி வச்சுக்கிட்டேன்.

சுவர் அலமாரிக்கு கதவு போடறவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். பழைய சுவர் எதுவும் நேரா இருக்காது. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க, தெரியும். கதவைச் சுவத்தோட கோணலுக்கு ஏத்தபடி செய்யாதீங்க. கதவு மூலைமட்டமாவே இருக்கட்டும். சுவத்துக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு மர நிலை வச்சு, கோணலை எல்லாம் அந்த நிலைக்குப் பின்னாடி சிமெண்ட்ல அடைச்சிடுங்க.

சின்னக் குழந்தைங்க இருக்கிற வீடுன்னா கீழ் வரிசையில கண்ணாடிக்குப் பதிலா மரப்பலகை போடுங்க. காடி அதேதான், பலகையும் அதே இடத்துல உக்காரும். சாதாரணக் கண்ணாடி உடைஞ்சா கத்தி மாதிரி துண்டாகும். டஃபன் பண்ணின கண்ணாடிதான் வேணும்னா, அளவு எடுத்து வெட்டினப்புறம்தான் டஃபன் பண்ணக் குடுக்கணும். பண்ணினதை அப்புறம் வெட்ட முடியாது, மொத்தமா நொறுங்கிடும்.

கண்ணாடியை எப்பவும் கடைசியில வாங்குங்க. சட்டம், கட்டம், பாலிஷ் எல்லாம் முடிச்சு, ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி டேப் வச்சு அளந்துட்டு கடைக்குப் போங்க. காகிதத்துல போட்ட அளவும் கையால செஞ்ச மரமும் ஒரு நூல் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்.

எங்க பக்கத்துல இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்ல தறிக்கட்டை கிடக்கு. பள்ளிப்பட்டுலயும், பொதட்டூர்பேட்டையிலயும், அம்மையார்குப்பத்துலயும் இதைப் படிக்கிறவங்க இருப்பீங்க. விறகுக் கடைக்காரர் விலை கேட்டு வந்தா, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கட்டையை மட்டும் ஆசாரிகிட்ட எடுத்துட்டுப் போய் இழைச்சுப் பாத்துடுங்க.